பலகையில் தொங்கிய துண்டு

போன மாதம் பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு கூட்டம் நடந்தது. ரயில் பெட்டிகளைப் பராமரிக்கும் வேலையை மொத்தமாகத் தனியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சை எதிர்த்துச் சங்கத்துப் பிள்ளைகள் ஏற்பாடு செய்த கூட்டம். ரிட்டயர் ஆனவர்களும் வந்து பேச வேண்டும் என்று வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வாயைத் திறந்தால் அடுத்த லைனில் இருப்பவன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிடுவான் என்று டிப்போவில் கேலி செய்வார்கள். அப்படிப்பட்ட நான் மைக்கைப் பிடித்து, "இது நம்ம ரயிலு. விட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். கை தட்டினார்கள். பாவம், அக்காவுக்கு வயசாயிடுச்சி என்று ஒருவன் சொன்னதும் காதில் விழுந்தது.

வயசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேடைக்குப் போவதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் என்னிடம் ஒரு பேச்சுப் பேசினாள். அதைக் கேட்ட பிறகு தயாராக வைத்திருந்த பேச்சை நான் எடுக்கவே இல்லை. அவள் பேசியது விளங்க வேண்டுமானால் ஒரு துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைக்கில் சொல்ல முடியாததை எழுதித்தான் பார்க்கிறேன்.

நான் மர்பி டவுன்காரி. பெயர் கஸ்தூரி. என் வீட்டுக்காரர் தனபால் ரயில் பெட்டி டிப்போவில் ஃபிட்டர். டிப்போ என்றால் ஊரெல்லாம் சுற்றி வந்த வண்டி அடுத்த பயணத்துக்கு முன்னால் வந்து நிற்கும் இடம். அங்கே தண்டவாளங்களுக்கு நடுவே நீளமாகப் பள்ளம் தோண்டிக் கட்டியிருப்பார்கள். பிட் லைன் என்போம். பள்ளத்தில் இறங்கி நின்றால் பெட்டியின் அடிவயிறு தலைக்கு மேலே இருக்கும். பிரேக் கட்டை, குழாய், சக்கரம் எல்லாவற்றையும் கீழேயிருந்து பார்த்து, தட்டி, மாற்றி அனுப்ப வேண்டும்.

வண்டி பிட் லைனில் வந்து நின்று எஞ்சினைக் கழற்றியதும் முதல் வேலை, வண்டியின் முனையில் ஒரு சிவப்புப் பலகையைத் தண்டவாளத்தோடு சேர்த்துப் பூட்டுவது. அடியில் ஆள் இருக்கிறது, எஞ்சின் கிட்டே வராதே என்று அர்த்தம். பூட்டுகிற பலகைக்காரர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் அவரேதான் திறந்து எடுக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்து கேட்டாலும் சாவி கை மாறாது. நாட்டில் எந்த டிப்போவுக்குப் போனாலும் இது உண்டு.

பலகை இருந்தும்தான் தனபால் போனார். வேலை முடித்து வெளியே வந்தவர், ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லையோ என்ற சந்தேகத்தில் மறுபடியும் இறங்கியிருக்கிறார். பலகைக்காரர் அவர் வெளியே வந்ததைப் பார்த்தார், திரும்ப இறங்கியதைப் பார்க்கவில்லை. பலகையை எடுத்தார். எஞ்சின் வந்து முட்டியது. அதற்கு மேல் எழுத மாட்டேன். என் மகனுக்கு அப்போது நடக்கக்கூடத் தெரியாது.

காரியம் முடிவதற்குள் ரயில்வேயிலிருந்து வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் வீடு தேடி வந்தார். எங்கள் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, நான் போட்ட தண்ணி டீயைக் குடித்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு வேலை தருவோம். இத தர்மம்னு நெனைக்காதீங்க. அவரு எங்க ஆளு. எங்க ஆளு வீட்ல அடுப்பு எரியணும், அவ்ளோதான்" என்றார். எனக்கு அழுகை அதுவரை சரியாக வரவில்லை. 'எங்க ஆளு' என்றதும் பீறிக்கொண்டு வந்தது. செத்த பிறகும் ஒரு மனுஷனைத் தம்முடையவன் என்று சொல்லிக்கொண்டு வர ஒரு ஆபீஸ் இருந்ததே, அதை நினைத்து அழுதேன்.

இப்படித்தான் நான் அதே டிப்போவில் கலாசி ஆனேன். கலாசி என்றால் எடுபிடி. தூக்கு என்றால் தூக்க வேண்டும், பிடி என்றால் பிடிக்க வேண்டும். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கை காய்த்தது, புடவை போய்ச் சட்டை பேன்ட் வந்தது, பரீட்சை எழுதி நானும் ஃபிட்டர் ஆனேன். அவ்வளவுதான் அந்தப் படலம்.

ஆனால் முதல் நாளை எழுதாமல் இருக்க முடியாது. அப்போது எங்கள் செக்ஷனுக்குப் பொறுப்பாக இருந்தவர் நஞ்சுண்டையா சார். துமகூர்ப் பக்கத்து மனுஷர். ஒல்லியாக, காலரில் கிழிசல் தைத்த சட்டையோடு இருப்பார். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால் பக்கத்தில் போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே, "ஏன் சாமி, இது செரியா?" என்பார். அதற்கு இரண்டு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கும். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தன் டப்பாவைத் திறப்பார். காலையில் வந்ததும் பலகை பூட்டியிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பார்ப்பார். கண்ணால் பார்த்தால் போதாதா சார் என்று கேட்டதற்கு, "கண்ணு நம்பும், கை நம்பாது" என்றார்.

தனபால் போன பிறகு அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். வண்டிக்கு அடியில் போகிற ஒவ்வொருவரும் தன் துண்டையோ தலைத்துணியையோ அந்தச் சிவப்புப் பலகையில் தன் கையாலேயே மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். வெளியே வந்ததும் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி இறங்கினால் மறுபடி மாட்ட வேண்டும். ஒரு துணி தொங்கினாலும் பலகைக்காரர் சாவியைத் தொடக் கூடாது. புத்தகத்தில் இல்லாத ரூல் இது. எங்கள் டிப்போவுக்கு மட்டும்.

முதல் நாள் என்னைப் பலகைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய், "உன் துணி எங்கேம்மா?" என்று கேட்டார். நான் கைக்குட்டையை நீட்டினேன். "இது காத்துல ஓடிப்போவுதும்மா. நாளைக்கி கெட்டியா ஒண்ணு கொண்டா" என்றார். மறுநாள் தனபாலின் துண்டைக் கொண்டுபோனேன். பச்சைக் கரை போட்ட ஈரோட்டுத் துண்டு. எத்தனை முறை துவைத்தும் கிரீஸ் வாசனை போகவில்லை. சார் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "புஸ்தகத்துல பலகை இருக்கும்மா. ஆனா பலகைக்கு நம்ம மூஞ்சி தெரியாது. அதுக்குத்தான் இந்தத் துணி. நீயே மாட்டு. உன் கையாலயே எடு" என்றார். அதன்பிறகு வேலை செய்த நாளெல்லாம் மாட்டினேன், எடுத்தேன்.

வெளியாட்கள் வந்து பார்த்தால் சிரிப்பார்கள். அரசாங்கத்துப் பலகையில் என்ன இது, கொடியில் துணி காயப்போட்ட மாதிரி என்பார்கள். எங்களுக்கோ அதைப் பார்த்தாலே யார் யார் உள்ளே என்று தெரிந்துவிடும். சிவப்புக் கட்டம் போட்டது ரஹ்மான் பாய், மஞ்சள் துணி முனியம்மா என்று.

நஞ்சுண்டையா சார் ரிட்டயர் ஆகிப் போனார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் பெட்டி கூட்டுவது காண்ட்ராக்ட் ஆனது. யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. பிறகு போர்வை, தலையணை உறை. பிறகு தண்ணீர் ஏற்றுவது. பிறகு கக்கூஸ் தொட்டி. வீட்டை ஒரேயடியாக விற்றால் தெருவே வந்து கேட்கும். இன்றைக்கு ஒரு கதவு, நாளைக்கு ஒரு ஜன்னல் என்று கழற்றிக் கொடுத்தால் ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். சங்கத்தில் தீர்மானம் போட்டோம், கறுப்புப் பட்டை கட்டினோம், டீ குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினோம்.

என் மகன் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "தனியார் வந்தா நீட்டா இருக்கும்மா. உங்க ஆளுங்க பாதிப் பேரு மரத்தடியில தூங்கினவங்கதானே" என்பான். பொய் சொல்ல மாட்டேன். தூங்கினவர்களும் இருந்தார்கள். ஓடியாடி வேலை செய்தவன் உழைப்பில் குளிர்காய்ந்தவர்கள். அவர்களை நானே வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். ஆனால் தூங்கினவனை எழுப்புவதற்கு வீட்டையா இடிப்பார்கள்? மகனைப் படிக்கவைத்ததே அந்தச் சம்பளம்தான் என்று சொல்லிக்காட்டலாம். பெற்ற பிள்ளையிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

கக்கூஸ் தொட்டி வேலைக்கு வந்த காண்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன் அருள். கோலார் தங்கவயல்காரன். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு அந்த ஊரே காலை வண்டியில் ஏறி பெங்களூருக்கு வேலைக்கு வருகிறதே, அந்தக் கும்பலில் ஒருவன். அவன் தாத்தா சுரங்கத்தில் இறங்கியவராம். "எங்க வம்சத்துக்கே அடியில போற வேலைதான் கா" என்று சிரிப்பான். பெட்டிக்கு அடியில் தொங்குகிற தொட்டியில் அடைப்பு எடுக்கிற வேலை. எந்த ரயிலில் போகிற எந்த மனுஷனும் அந்த வேலையைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்திருக்க மாட்டான். அருள் அதை முணுமுணுப்பில்லாமல் செய்வான். முகம் கழுவிவிட்டு வந்துதான் என்னோடு பேசுவான், நாறுமே என்று.

வந்த புதிதில் எங்கள் துண்டுகளைப் பார்த்துவிட்டு, "இன்னா கா இது, துணிக்கடையா?" என்று கேட்டான். சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப என்னுதும் மாட்டணும் இல்ல? நானும் அடியிலதானே போறேன்?" என்றான். "மாட்டுப்பா, யாரு வேணாம்னா" என்றேன். தலையில் கட்டியிருந்த நீலத் துண்டை அவிழ்த்து, உதறி, எங்கள் துண்டுகளோடு சேர்த்து மாட்டினான்.

அன்று பலகைக்காரர் சிவண்ணா. என்னோடு சேர்ந்து கலாசியாக வந்தவன். கன்னடக்காரன், தமிழ் அவனுக்கு எங்களிடம் கற்றது, அதனால் சுத்தமாகத் திட்டுவான். அவன் நீலத் துண்டைப் பார்த்துவிட்டு சரி என்று தலையை ஆட்டினான். ஒரு வாரம் அப்படிப் போயிருக்கும். அப்போது எங்களுக்கு வந்திருந்த புது சார், பலகைப் பக்கம் வந்தவர், "இந்த நீலம் யாருது?" என்று கேட்டார்.

"காண்ட்ராக்ட் பையன் அருள்து சார்" என்றேன்.

"எடுங்க அத. காண்ட்ராக்ட் ஆளு நம்ம பலகையத் தொடவே கூடாது."

"அவனும் வண்டி அடியிலதான் சார் இருக்கான்."

"அதுக்குத்தாம்மா சொல்றேன். நாளைக்கி ஏதாச்சும் ஆச்சுன்னா, நம்ம பலகையில அவன் துணி இருந்துச்சு, அப்ப நம்ம ஆளுதான்னு கோர்ட்டுக்குப் போவாங்க. அவங்க சேஃப்டி அவங்க காண்ட்ராக்டர் பொறுப்பு. அவங்க சூப்பர்வைசர் பாத்துப்பாரு."

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். மேலேயிருந்து வந்த பேச்சை அவர் கீழே இறக்கினார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு எரிந்தது. ஒருவன் செத்தால் நம் ஆள் இல்லை என்று சொல்வதற்காக, அவன் உயிரோடு இருக்கும்போதே துண்டை எடுக்கச் சொல்கிறார்கள். சண்டை போட்டேன். சங்கத்துக்குப் போனேன். காண்ட்ராக்ட் தொழிலாளி நம் மெம்பர் இல்லையே என்று அங்கேயும் இழுத்தார்கள். அருள் வந்து, "வுடு கா, என்னால உனக்கு எதுக்கு பேஜாரு" என்று தானே துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு பிட் லைனில் நான் இருந்த நாட்களில், அருளும் அவன் கூட்டாளிகளும் வெளியே வரும்வரை என் பச்சைக் கரைத் துண்டை எடுக்க மாட்டேன். என் வேலை எப்போதோ முடிந்திருக்கும். பக்கத்தில் நின்று போல்ட் எண்ணுவது போலப் பாவனை செய்வேன். சிவண்ணாவுக்குத் தெரியும். அவனும் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பான். பிறகு என் முட்டி தேய்ந்துபோய், பள்ளத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள். பிட் லைன் அங்கிருந்து பார்த்தால் தெரியும், கூப்பிட்டால் கேட்காது.

அது நடந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டு வேளை முடிந்து. ஸ்டோர் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள், துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள். பலகை காலி. சிவண்ணா குனிந்து அடியில் ஒருமுறை பார்த்தான், குரல் கொடுத்தான். வண்டி நீளம். கடைசிப் பக்கத்தில் சக்கரத்துக்குப் பின்னால், தொட்டியை அணைத்துக்கொண்டு வேலை செய்கிறவன் குனிந்து பார்த்தால் தெரியமாட்டான். காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அடுத்த லைனில் போன் பேசிக்கொண்டிருந்தான், தன் ஆட்கள் முடித்திருப்பார்கள் என்ற நினைப்பில். சிவண்ணா பூட்டைத் திறந்தான், பலகையை எடுத்தான். எஞ்சின் வந்து முட்டி, வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது.

சத்தம் எதுவும் வரவில்லை. முதலில் ஓடினது அருளின் கூட்டாளி. பிறகு எல்லாரும் ஓடினார்கள். என் முட்டியை இழுத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வெளியே எடுத்துப் படுக்கவைத்திருந்தார்கள். தலையில் அந்த நீலத் துண்டு அப்படியே கட்டியபடி இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

விசாரணை நடந்தது. சிவண்ணாவை உட்காரவைத்துக் கேட்டார்கள். எடுக்கும்போது பலகையில் துணி இருந்ததா? இல்லை சார். குரல் கொடுத்தாயா? கொடுத்தேன் சார். ரயில்வே ஊழியர் யாராவது அடியில் இருந்தார்களா? இல்லை சார். எழுதிக்கொண்டார்கள். ரயில்வே தரப்பில் தவறு எதுவும் இல்லை என்று முடிவானது. புத்தகத்தில் இல்லாத வழக்கம் என்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள், அன்றைக்கு அந்தத் துணியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். துணி இல்லை, அதனால் ஆளும் இல்லை.

சிவண்ணா வெளியே வந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். தப்பித்தான் என்று நான்கு பேர் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "நானே எத்திதே, கஸ்தூரம்மா. நன்ன கையிந்தானே" என்றான். நான்தானே எடுத்தேன், என் கையால்தானே என்று. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் அவன் என்னிடம் கன்னடத்தில் பேசியது அன்றைக்குத்தான். தண்டனை கொடுத்திருந்தால்கூட அவன் தேறியிருப்பான். தப்பே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள், அதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

எனக்கும் சிலர் ஆறுதல் சொன்னார்கள், நீ லைனில் இருந்திருந்தால் நடந்திருக்காது என்று. அந்தப் பழியை நான் ஏற்கவில்லை. ஒரு கிழவியின் முட்டியை நம்பியா ஒரு மனுஷன் உயிர் இருக்க வேண்டும்? பழி எங்கே சேர வேண்டுமோ அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும்.

அருளின் மனைவி ஸ்டெல்லா ஒரு வாரம் கழித்து டிப்போ வாசலுக்கு வந்தாள். இடுப்பில் பெண் குழந்தை. தங்கவயலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள், ரயில்வேயில் இறந்தால் மனைவிக்கு வேலை தருவார்கள், அங்கே கஸ்தூரி என்று ஒரு அம்மாவுக்குக்கூடக் கொடுத்தார்களாம் என்று. என்னைத் தேடித்தான் வந்திருந்தாள்.

"உனுக்கு குடுத்தாங்களாமே கா. எனுக்கும் குடுப்பாங்க இல்ல?"

கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிப்போனேன். நான் போய் நின்ற அதே ஆபீஸ், அதே அறை. சுவருக்கு மட்டும் வேறு பெயின்ட். உள்ளே இருந்த கிளார்க் நல்ல பெண். நாற்காலியை இழுத்துப்போட்டு ஸ்டெல்லாவை உட்காரவைத்தாள், குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு, "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அவரு பேரு எங்ககிட்ட எங்கயும் இல்ல. காண்ட்ராக்டர்கிட்டதான் நீங்க கேக்கணும்" என்றாள்.

"தெனம் இங்கதானே மேடம் வந்தாரு?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. "ரயிலுக்கு அடியிலதானே செத்தாரு?"

கிளார்க் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். என் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணி டீ குடித்த அந்த வெல்ஃபேர் இன்ஸ்பெக்டர் ஞாபகம் வந்தது. அவர் மாதிரி ஒருவரைத் தங்கவயலுக்கு அனுப்ப இன்றைக்கு யாருக்கும் கடமை இல்லை. கீழே இறங்கி வரும்போது ஸ்டெல்லா அழவில்லை.

கடைசியில் காண்ட்ராக்டர் ஒரு இரக்கம் காட்டினார். புருஷன் இடம் காலியாகத்தானே இருக்கிறது, வேண்டுமானால் வந்து செய்யட்டும் என்றார். அதே தொட்டி, அதே தினக்கூலி. குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஸ்டெல்லா காலை வண்டியில் வந்தாள். கம்பெனி கொடுத்த ஆம்பிளைச் சட்டை முட்டிவரை தொங்கியது. அன்று நான் வேண்டுமென்றே ஸ்டோரைப் பூட்டிவிட்டு பிட் லைன் பக்கம் போய் நின்றேன்.

யாரும் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. அவள் நேராகச் சிவப்புப் பலகையிடம் போனாள். பையிலிருந்து அந்த நீலத் துண்டை எடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். எங்கள் ஆட்களின் துண்டுகளை ஓரமாகத் தள்ளி, நடுவில் மாட்டினாள். அருள் வீட்டில் இதையெல்லாம் சொல்லியிருப்பான் போல.

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் ஓடிவந்தான். "ஏய், எடு அத! பலகையத் தொடக் கூடாதுன்னு தெரியாது?"

"எம் புருசன் துண்டு. நான் அடியில போறேன். போறது நாலு பேருக்குத் தெரியணும்" என்றாள். சண்டைக்காரி குரலில் இல்லை. வீட்டு விலாசம் சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மற்ற எல்லாரும் முடித்துத் துணிகளை எடுத்துக்கொண்டார்கள். நீலத் துண்டு மட்டும் தொங்கியது. எஞ்சின் வந்து தூரத்தில் நின்று ஊதியது. புது சார் வந்தார். பலகையை எடு, வண்டிக்கு நேரமாகிறது, அந்தப் பெண்ணை வெளியே வரச்சொல்கிறேன் என்றார். சிவண்ணா சாவிப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

"துணி இருக்கறப்ப பலகைய எடுக்கறதில்ல சார்."

"அது காண்ட்ராக்ட் துணிப்பா!"

"நங்கே ஒந்தே சார். எனக்கு எல்லாத் துணியும் ஒண்ணுதான். அவங்க வந்து எடுக்கட்டும்."

சார் கத்தினார், போனில் யாரிடமோ சொன்னார், சார்ஜ்ஷீட் என்றார். சிவண்ணா அசையவில்லை. ஸ்டெல்லா தன் வேலையை முடித்து, தட்டுத் தடுமாறி மேலே ஏறி, குழாயில் கையைக் கழுவி, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து துண்டை எடுத்தாள். அதன்பிறகுதான் அவன் பூட்டைத் திறந்தான்.

இங்கேயே நிறுத்தினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் ஸ்டெல்லாவின் கேட் பாஸை வாங்கிக்கொண்டு, ஆள் தேவையில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வண்டியைத் தாமதப்படுத்தியதற்காகச் சிவண்ணாவுக்குச் சம்பள உயர்வு நின்றது. பலகை எல்லா டிப்போவிலும் இருப்பது போலச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டு, எங்கள் துண்டுகளையும் எடுக்கச் சொன்னார்கள். நான் ரிட்டயர் ஆனபோது மாலை போட்டார்கள், சால்வை போர்த்தினார்கள். பச்சைக் கரைத் துண்டைப் பீரோவில் வைத்துவிட்டேன். சிவண்ணாவும் அடுத்த வருஷமே போதும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். போன் செய்தால் மழை, ராகி என்று பேசுவான். டிப்போ பேச்சை எடுத்தால் வைத்துவிடுவான்.

தனியாருக்குக் கொடுத்தால் டிக்கெட் விலை ஏறும், ஏழைகள் ஏறும் வண்டி குறையும் என்று கூட்டத்தில் எல்லாரும் பேசினார்கள். உண்மைதான். பேசட்டும். நான் பேச நினைத்தது நஞ்சுண்டையா சாரைப் பற்றி, 'எங்க ஆளு' என்று சொல்ல ஒருவர் இருந்த காலத்தைப் பற்றி. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன்.

மேடைப் பக்கம் போகும்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் ஸ்டெல்லா நிற்பதைப் பார்த்தேன். மெலிந்திருந்தாள். குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறதாம். இவள் இப்போதும் அதே வண்டியில்தான் தினம் வருகிறாள், ஒரு அபார்ட்மென்டில் கூட்டிப் பெருக்குகிற வேலை, அதுவும் காண்ட்ராக்ட். தோளில் நீலத் துண்டு. வெளுத்து நரைத்திருந்தது.

"நீ எதுக்கும்மா வந்தே? ஒரு நாள் கூலி போச்சே. இதுல உனக்கு இன்னா இருக்கு?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அவரு பேரு எங்கயும் இல்லன்னு சொல்ட்டாங்க இல்ல கா. இந்தக் கூட்டத்துல வந்து நின்னா, பாக்கறவங்க எங்களயும் ரயில்வே ஆளுங்கன்னு நெனச்சிப்பாங்க இல்ல? அதுக்குத்தான்" என்றாள்.

அதற்குள் பேட்ஜ் கொடுத்துக்கொண்டு வந்த சங்கத்துப் பையன் அவளிடம், "நீங்க எந்த டிப்போம்மா?" என்று கேட்டான். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். "நம்ம டிப்போதாம்பா. நம்ம ஆளு" என்றேன். அவன் ஒரு பேட்ஜை எடுத்து அவள் தோளில் கிடந்த துண்டில் குத்தினான். அவள் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மைக்கில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.